தவிட்டுக்கு வாங்கிய தம்பி

போன மாதம் என் தம்பி மகள் எங்கள் இருவரையும் படத்துக்குக் கூட்டிப் போனாள். மலாக்கா டவுனில் ஒரு பேரங்காடியின் மேல்மாடித் தியேட்டர். இந்த வயதில் அந்தக் குளிரில் உட்கார்ந்தால் முட்டி இரண்டும் பேசத் தொடங்கிவிடும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், வெளியே சொல்லமாட்டீர்கள். படம் காதல் படம்தான், ஆனால் கதாநாயகன் கையில் ஒரு கைக்குழந்தை. பெண்டாட்டி பிரசவத்தோடு போய்விட்டாள். அவன் தனியாகக் கிடந்து பால் கரைக்கிறான், நாப்கின் மாற்றுகிறான், பிள்ளை அவன் சட்டையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. தியேட்டரே சிரிக்கிறது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் என் தம்பி. நானோ பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். "என்ன அத்தை, காமெடி சீனுக்குப் போய் அழறீங்க?" என்றாள் தம்பி மகள். ஏர்கோன் காற்று கண்ணில் அடிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். திரையில் இல்லை, எங்கள் தோட்டத்து லயத்தில், பக்கத்து வீட்டில். அதில் வில்லி யார் என்றும் எனக்குத் தெரியும்.

லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து "நூறு வயசு" என்று சொல்வோம். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தோட்டத்து ரப்பர் பால் லாரி ஓட்டியவர். என் அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார். அதனால் எனக்கு லாரி மாமா. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். டவுனுக்குப் போய்வரும் நாளெல்லாம் எனக்கென்று ஒரு பொட்டலம் கச்சான் கடலை கொண்டு வருவார்.

அவர் மனைவி பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து பால் லாரி லயத்து முன்னால் வந்து நின்றது. லாரி மாமா வெறும் பனியனோடு இறங்கினார். அவர் சட்டை முன்சீட்டில் பிள்ளையைச் சுற்றியிருந்தது. லயத்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடினார்கள். அவர் விரலை வாயில் வைத்து, "மெதுவா, மெதுவா, இப்பதான் தூங்குறான்" என்றார். அத்தனை அழுகையும் சட்டென்று நின்றுபோனது.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும், சிரித்துவிட்டு ஏன்டா சிரித்தோம் என்று இருக்கும். பிள்ளையின் துணிகளைத் துவைத்து லாரி பானெட்டில் காயப்போடுவார். எஞ்சின் சூட்டில் சீக்கிரம் காயுமாம். துணியெல்லாம் டீசல் வாடை, அதோடு புளித்த ரப்பர் பால் வாடை, மேலே வாரிக் கொட்டிய பவுடர் வாசம். அந்த மூன்றும் சேர்ந்த வாசம்தான் எனக்குக் கைக்குழந்தை வாசம். என் சொந்தப் பிள்ளைகளை முகர்ந்து பார்த்தபோதுகூட ஏதோ குறைகிறதே என்று தேடினேன். பிள்ளை தூளியில் தூங்கமாட்டான். லாரி எஞ்சினை உருமவிட்டு, மடியில் வைத்துக்கொண்டால் சொக்கிவிடுவான். கணக்கெழுதும் கிராணி ஆபீஸிலிருந்து ஓடி வந்து, "யோவ், தோட்டத்து டீசல்ல தாலாட்டா பாடுற?" என்று கத்துவார். லாரி மாமா எஞ்சினை நிறுத்துவார். பிள்ளை வீறிட்டு அலறும். கிராணியே காதைப் பொத்திக்கொண்டு, "போட்டுத் தொலைலா!" என்பார்.

காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே தூளி கட்டி ஆட்டிக்கொண்டிருந்தவரை நான் கொட்டகை அக்கா என்பேன். கல்யாணம் தட்டிக்கொண்டே போனவர், வாய் கொஞ்சம் நீளம். முதல்நாள் லாரி மாமா பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனபோது நானும் பின்னாலேயே போனேன்.

"என்ன லாரிக்காரரே, இது பிள்ளையா, பலாப்பழமா? தலையப் புடிங்க, தலைய!"

"புடிச்சிக்கிட்டுதானே இருக்கேன்."

"அது காலு!"

அங்கே இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். மனைவி போன பிறகு லாரி மாமா சிரித்ததை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு பிள்ளையை விட வருகிறவர் ஒரு துணியை மறந்துவிட்டு வருவார், அதைக் கொடுக்க மறுபடி வருவார். பால் புட்டியை மறப்பார், அதற்கு ஒரு நடை. "இவரு ஒருநாள் பிள்ளையவே மறந்துட்டு வந்து நிப்பாரு" என்று கொட்டகை அக்கா சொல்வார். டவுனுக்கு லோடு போகும் நாளில் கிளேபாங் கடற்கரைக் கடையில் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டு வருவார். தோட்டம் வந்து சேர்வதற்குள் ஐஸெல்லாம் கரைந்து சூடாகியிருக்கும். "குடிம்மா, ஜில்லுனு இருக்கும்" என்பார். கொட்டகை அக்கா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ஆமா, ஊதி ஊதிதான் குடிக்கணும்" என்பார். குடித்து முடித்துப் பையையும் மடித்து வைத்துக்கொள்வார். அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை. லயத்துக்கே புரிந்திருந்தது.

அப்போதுதான் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. குடித்த பாலெல்லாம் வெளியே வந்தது, வயிறு நிற்காமல் போனது, காய்ச்சல் வேறு. ஆஸ்பத்திரி மருந்து கொடுத்தார்கள். கொட்டகை அக்கா புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்து, இனிமேல் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் பால் கரைக்க வேண்டும் என்று சொல்லி, தானே கரைத்துக் கொடுக்கத் தொடங்கினார். ஆனால் லயத்தில் யாருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. கோயில் பூசாரி பிள்ளையின் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, "பெத்தவங்களுக்கு ஆகாத நட்சத்திரம். அம்மாவ எடுத்துருச்சு" என்று சொல்லி லாரி மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பரிகாரம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். வேறொருத்தி ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டால் சாமி ஏமாந்துபோகும். பெற்றவன் பெற்றவன் இல்லை என்றாகிவிடும். பிறகு பிள்ளை அப்பாவை அப்பா என்று கூப்பிடாமல் மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு அதே வீட்டிலேயே வளரும். அவ்வளவுதான். நாடகம் என்று எல்லாருக்கும் தெரியும்.

வாங்கியது என் அம்மா. எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் அவளுக்குத் தங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைப் பற்றி நீங்கள் தவறாக நினைப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் பிள்ளையை முறத்தில் கிடத்தினார்கள். எங்கள் கோழிகளுக்கு வாங்கி வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அளந்து அம்மா லாரி மாமாவின் துண்டில் கொட்டினாள். "இவன் என் பிள்ளை இல்லை" என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னார், சத்தம் வரவில்லை. "சாமிக்குக் கேக்கணும்யா, சத்தமா சொல்லு" என்றார் பூசாரி. இரண்டாவது தடவையும் பக்கத்தில் நின்ற எனக்குக்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை கத்தியே விட்டார். பிள்ளை திடுக்கிட்டு அழுதது. அவர் துண்டை மூட்டையாகக் கட்டி, "பரவால்ல, நல்ல வெலைக்குத்தான் போயிருக்கான்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

இரண்டு மூன்று ராத்திரி மட்டும் பிள்ளை எங்கள் வீட்டில் படுக்கட்டும் என்றார் பூசாரி. அதற்குள் வயிறு நின்றுவிட்டது, காய்ச்சலும் விட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்தது கொட்டகை அக்கா, பேர் வாங்கியது தவிடு. "இப்பதான் தேறியிருக்கு, காத்துல எடுத்துட்டுப் போவாத" என்றாள் அம்மா. பிறகு மழைக்காலம் என்றாள். பிறகு பல் முளைக்கிற நேரம் என்றாள். லாரி மாமா வேலை முடிந்து குளித்து, தலைவாரி, தன் பிள்ளையைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருக்க, இந்தப் பக்கம் அவர் பிள்ளையை நான் ஆட்டிக்கொண்டிருப்பேன். எனக்கென்ன, தம்பி கிடைத்துவிட்டான். பள்ளிக்கூடம் விட்டால் ஓடி வருவேன். தம்பி, தம்பி, தம்பி என்று வேறு பேச்சே கிடையாது.

அவனுக்கு வாய் திறந்து சொல் வருகிற நேரம் வந்தது. பரிகாரத்தைக் காப்பாற்றுகிற பெரிய பொறுப்பு எனக்கு இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன். தவறி அப்பா என்று சொல்லிவிட்டால் சாமிக்குத் தெரிந்துவிடுமே! ஒருநாள் மத்தியானம் பூராவும் அவனைக் கதவுக்குப் பின்னால் உட்காரவைத்து, ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து நனைத்து ஊட்டி, "மாமா சொல்லு, மாமா" என்று பழக்கினேன். சொன்னால் ரொட்டி, இல்லாவிட்டால் இல்லை. சாயங்காலம் லாரி மாமா வாசலில் செருப்பைக் கழற்றியதும் பிள்ளை இரண்டு கையையும் நீட்டி, "மா...மா" என்றான். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். லாரி மாமாவும் தட்டினார். என்னைத் தூக்கி, "கெட்டிக்காரி பாப்பா" என்றார். அன்றைக்கு அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டோமோ என்று அம்மா அந்தக் கிளாஸை வாயில் வைத்துப் பார்த்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாரி மாமாவும் கொட்டகை அக்காவும் ஒன்றாக எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர் தோளில் ஒரு முழு மூட்டை. எங்கள் அஞ்சடித் திண்ணையில் அதைத் தொப்பென்று இறக்கினார். தவிடு.

"அக்கா, நாங்க ரெண்டு பேரும் கட்டிக்கலாம்னு இருக்கோம். நீங்க ஒரு படிக்கு வாங்குனீங்க, நான் ஒரு மூட்டையே கொண்டாந்திருக்கேன். பிள்ளையக் குடுத்துருங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மூட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "சாமி முன்னாடி என் பிள்ளை இல்லன்னு மூணு தடவ சொன்ன வாய்தானே தம்பி அது? இப்ப திருப்பிக் கேட்டா என்ன அர்த்தம்? தோஷம் திரும்புனா யாரு பொறுப்பு? ஒனக்கு ஒண்ணு ஆனாலும் போச்சு, அவனுக்கு ஒண்ணு ஆனாலும் போச்சு. அதுவும் சித்திக்காரி கையில குடுக்கவா?"

கொட்டகை அக்கா அமைதியாகத்தான் பேசினார். "அக்கா, இந்த லயத்துல எந்தப் பிள்ளை என் கையில வளரல? ஒங்க மவளும் என் தூளியில கெடந்தவதானே. ஒண்ண நான் கெடுத்திருக்கேனா சொல்லுங்க."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். என் அப்பா தொண்டையைச் செருமினார். கொடுத்துவிடு என்று அவர் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தம்பியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, மூலைக்கு ஓடி, "குடுக்காதம்மா! என் தம்பிம்மா! குடுக்காத!" என்று அலறினேன். லயமே வெளியே வந்து பார்க்கிற மாதிரி அலறினேன். நான் அழுவதைப் பார்த்துப் பிள்ளையும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

லாரி மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாப்பா, அழாத. மாமா ஒண்ணும் எடுத்துட்டுப் போகல" என்றார். திரும்பி நடந்துவிட்டார். கொட்டகை அக்கா மட்டும் உள்ளே வந்து பிள்ளையின் மூக்கைத் தன் தலைப்பால் துடைத்துவிட்டு, "பாலுக்குத் தண்ணியக் கொதிக்க வச்சு ஊத்துங்கக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூட்டையை அவர்கள் எடுத்துப் போகவில்லை. ரொம்ப நாளைக்கு எங்கள் கோழிகள் அதைத் தின்றன. நன்றாக முட்டை வைத்தன. அம்மா அவித்துக் கொடுத்தாள். நான் உப்புத் தொட்டு ருசித்துச் சாப்பிட்டேன். எழுதவே கூசுகிறது.

அவர்கள் டவுனில் பதிவு செய்து கல்யாணம் முடித்துக்கொண்டு செங் பக்கம் குடிபோனார்கள். லாரி மாமா பேக்டரி பஸ் ஓட்டினார். தீபாவளிக்குத் தீபாவளி தம்பிக்குச் சட்டையோடு வருவார்கள், அளவு எப்போதும் சரியாக இருக்கும். எப்படித் தெரியும் என்று அம்மா ஆச்சரியப்படுவாள். அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. லாரி மாமாதான் பெற்றவர் என்பதைத் தம்பியிடம் யாரும் மறைக்கவில்லை. தோட்டத்தில் எதை மறைக்க முடியும்? வளரும்போதே அவனுக்குத் தெரியும். தெரிந்தும் மாமா மாமாவாகவே இருந்துவிட்டார். என் அம்மா அப்பாவையே அவன் அம்மா அப்பா என்றான். அவர்களுக்குக் கொள்ளி வைத்தவனும் அவன்தான். தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், நாங்கள் புக்கிட் காத்திலில் அடுத்தடுத்த தெருவில் வீடு வாங்கினோம். தம்பி மகள் பேசத் தொடங்கியதும் லாரி மாமாவையும் கொட்டகை அக்காவையும் தாத்தா, பாட்டி என்றாள். அவளுக்கு அது சுலபமாக வந்துவிட்டது.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று நான் லாரி மாமாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டே விட்டேன். "மாமா, அன்னைக்கு நான் அழுதிருக்கக் கூடாது. அழாம இருந்தா நீங்க தம்பியத் தூக்கிட்டுப் போயிருப்பீங்கதானே?" அவர் என் தலையில் கை வைத்து, "சேச்சே, அதெல்லாம் இல்ல பாப்பா. தோஷம்னு எனக்கும் பயந்தான்" என்றார். அது உண்மையா, நான் தூங்கட்டும் என்று சொன்னாரா, தெரியவில்லை. நான் தூங்கவில்லை.

படம் பார்த்த அன்று தம்பி மகள் கூட்டாளிகளோடு போய்விட்டாள். வீட்டுக்குப் போகுமுன் செங்கில் லாரி மாமாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றான் தம்பி. சாயங்கால வெயில் சுள்ளென்று அடித்தது. கொட்டகை அக்காவுக்கு எழுபத்தைந்து தாண்டியும் வாய் குறையவில்லை. "படமெல்லாம் பாக்குறீங்க, கெழவன் கெழவியக் கூட்டிட்டுப் போக ஆள் இல்ல" என்றபடி தேத்தண்ணி கலக்கப் போனார். லாரி மாமாவுக்கு வயது எண்பதைத் தொட்டிருக்கும். காது மந்தம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "என்னா கதை?" என்று கேட்டார்.

தம்பி எழுந்து நின்று நடித்தே காட்டினான். பிள்ளை சட்டையை நனைப்பது, நாயகன் துணியைத் தலைகீழாகக் கட்டுவது, நாயகியிடம் திட்டு வாங்குவது. லாரி மாமா விழுந்து விழுந்து சிரித்தார், பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கடைசியில அந்தப் பிள்ளை அவன எப்படிக் கூப்புடுது?"

தம்பி நின்றுபோனான். அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றது.

"அப்பான்னுதான் மாமா."

"ஆங்?"

"அப்பான்னு கூப்புடுது."

"ஆமாலா, அப்படித்தான் முடிக்கணும். நல்ல படம்" என்றார் லாரி மாமா.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். சந்து திரும்பி பெரிய ரோட்டு சிக்னலில் நின்றபோது தம்பி என்னைப் பார்க்காமலே பேசினான். "அக்கா, நான் அப்படிச் சொல்லிப் பாத்திருக்கேன்க்கா. வேலைக்குப் போவும்போது, கார்ல தனியா. தனியா இருந்தா வருது." ஐம்பதைத் தாண்டிய ஆள், தலையில் பாதி நரை. ஒரு மத்தியானத்து ரொட்டியில் நான் பழக்கிய 'மாமா'தான் அவன் வாயை இன்னும் அடைத்திருந்தது. "வண்டியத் திருப்புடா. இப்பவே திருப்பு" என்றேன். அவன் உடனே திருப்பினான்.

லாரி மாமா இன்னும் கேட் பக்கத்திலேயே நின்றிருந்தார். தம்பி இறங்கிப் போய் அவருக்கு எதிரில் நின்றான். நான் காரிலேயே இருந்தேன். கண்ணாடியை இறக்கி வைத்து, ஊரில் உள்ள சாமியை எல்லாம் கூப்பிட்டேன். தம்பியின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"என்னாப்பா, எதையாச்சும் மறந்துட்டியா?"

"குடைய... குடைய மறந்துட்டேன் மாமா."

அவன் குடையே கொண்டு வரவில்லை. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. லாரி மாமா உள்ளே போய்த் தேடினார். நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார். கொட்டகை அக்கா வாசலுக்கு வந்து தம்பியைப் பார்த்தார், காரில் இருந்த என்னைப் பார்த்தார், அங்கேயே நின்றார். கடைசியில் லாரி மாமா கம்பி வளைந்த ஒரு பழைய கறுப்புக் குடையை எடுத்து வந்து, அதன் தூசியைத் தன் கைலியில் துடைத்து நீட்டினார். அது அவருடைய குடை.

"இதுவா பாரு."

"இதுதான்" என்று தம்பி வாங்கிக்கொண்டான்.